வண்டியை நீங்களே பிரிக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த பைக்கைத் தானே பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, பழுது பார்க்கப் போய் நாமே உண்டாக்கிய பழுதைப் பற்றித்தான் இருக்கும். எனக்கும் அந்த அனுபவம் தாராளமாக உண்டு. கீழே வரும் எண்கள் சிறிய, நடுத்தர எஞ்சின் வண்டிகளுக்குப் பொதுவாகப் பொருந்துபவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை ஸ்பேனரே பிடித்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

செயினைக் கழுவி எண்ணெய் போடுவதிலிருந்து. தப்பு நடந்தாலும் பெரிய செலவு வராது. வண்டியின் பின்பாதியைக் கிட்ட உட்கார்ந்து ஒரு தடவை முழுசாகப் பார்த்ததாகவும் ஆகும். அடுத்து ஏர் ஃபில்டர், எஞ்சின் ஆயில், கிளட்ச் கேபிள். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்க வேண்டும். அதைச் சரியாக வைக்கப் பழகினாலே கியர் மாற்றும் சுகம் தனியாகத் தெரியும். இவை கைக்கு வந்த பிறகு பிளக், பிரேக் பேட், டாப்பெட் (எஞ்சின் வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் வேலை) என்று போகலாம்.

கார்புரேட்டரில் தொடங்குகிறவர்கள் ஏராளம். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இரண்டு ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்த டூல் கட்டாயம் வேண்டும்?

வண்டியோடு வரும் டூல்கிட் வழியில் நின்றுபோனால் உதவும். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய அதை நம்ப வேண்டாம். இளகிய இரும்பு, வாய் விரிந்துவிடும்.

8, 10, 12, 14, 17 மி.மீ. ஆகிய ஐந்து அளவுகளில் ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் இருந்தால் ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஐரோப்பிய வண்டி என்றால் 13-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸில் நட்டுக்குத் தனி அளவு வரும். அளந்து பார்த்து வாங்குங்கள். ஆலன் கீயில் 4, 5, 6, 8.

ஓப்பன் ஸ்பேனர் போல்ட் தலையின் இரண்டு முகங்களை மட்டும் கவ்வும். ரிங் சுற்றிலும் கவ்வும். அதனால் முதல் இளக்கலும் கடைசி இறுக்கலும் ரிங்கில் அல்லது சாக்கெட்டில். நடுவில் சுழற்றுவதற்கு மட்டும் ஓப்பன். சாக்கெட் வாங்கும்போது உள்ளே ஆறு முகம் உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு முக சாக்கெட் மூலைகளில் மட்டும் அழுத்துவதால், ஏற்கெனவே தேய்ந்த தலையில் வழுக்கிவிடும். வாயைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வேறு வழியே இல்லாதபோது எடுக்கலாம். கட்டிங் பிளேயரால் நட்டைத் திருகுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இவற்றோடு நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று, வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று. மல்டிமீட்டர் வாங்கத் தயங்குகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு பணத்தைத் தேவையில்லாத பேட்டரி மாற்றத்தில் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டார் ஸ்க்ரூ தலை எவ்வளவு கவனமாகத் திருகினாலும் தேய்ந்துவிடுகிறதே?

பெரும்பாலும் திருப்புளி தப்பு. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் உள்ள ஸ்டார் ஸ்க்ரூ பார்வைக்கு ஃபிலிப்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தரத்தில் செய்தது. பல ஸ்க்ரூக்களின் தலையில் ஊசிமுனை அளவு புள்ளி ஒன்று குத்தியிருக்கும், அதுதான் அடையாளம். ஃபிலிப்ஸ் முனை அந்தக் குழியில் அடிவரை இறங்காது. விசை கூடினதும் மேலேறி வழுக்கும், வழுக்கும்போது தலையைச் சுரண்டிக்கொண்டே வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் கவர் ஸ்க்ரூக்கள் பல 3-ஆம் எண் அளவு. வீட்டில் இருக்கும் திருப்புளியோ 2-ஆம் எண். உள்ளே போகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை.

முரண்டு பிடிக்கும் ஸ்க்ரூவுக்கு, பின்பக்கம் சுத்தியால் தட்டும் இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது. தட்டும்போது முனை குழிக்குள் அழுந்தும், அதே கணத்தில் திரும்பவும் செய்யும். பத்துக்கு எட்டு ஸ்க்ரூ இதில் இளகிவிடும். தலை பாதி தேய்ந்த பிறகு இதை வாங்க ஓடாமல், தேயும் முன்பே எடுத்துவிடுங்கள்.

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் கை அளவிலேயே இறுக்கக் கூடாதா? மெக்கானிக்குகள் அப்படித்தானே செய்கிறார்கள்?

அவர்கள் அதே போல்டை ஆயிரம் தடவை இறுக்கிய கை. நம்முடையது மாதத்துக்கு ஒரு தடவை இறுக்கும் கை.

என் முதல் ஆயில் மாற்றத்தில், ஆயிலை வடிக்கும் துளையை மூடும் டிரெய்ன் போல்ட்டை «கசியக் கூடாது» என்ற பயத்தில் இறுக்கினேன். கொஞ்சம் கனத்தது, இன்னும் கொஞ்சம் கனத்தது, பிறகு சட்டென்று வெண்ணெய் மாதிரி இளகியது. மரை போகும் அந்த உணர்வைக் கை ஒரு தடவை அறிந்துவிட்டால் மறக்காது. போல்ட் இரும்பு, எஞ்சின் அலுமினியம். சண்டை வந்தால் தோற்பது எப்போதும் எஞ்சின்தான்.

கணக்கு எளியது. அலுமினியத்தில் இறங்கும் 6 மி.மீ. போல்ட்டுக்குச் (மரையின் தடிமன், தலையின் அளவு அல்ல) சுமார் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25. ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்குப் பெரும்பாலான சிறிய வண்டிகளில் 20 முதல் 30. பத்து நியூட்டன் மீட்டர் என்றால், பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பத்துக் கிலோ எடை அளவுக்கு அழுத்துவது. இருபது சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியைப் பிடித்தால் ஐந்து கிலோவே போதும். ஒரு முழு ஆளின் கைப்பலத்துக்கு அது ஒன்றுமேயில்லை. சிறிய போல்ட்டுகள் போவது இதனால்தான். அவற்றை இறுக்கும்போது ஸ்பேனரைத் தலைக்குப் பக்கத்தில் குட்டையாகப் பிடிப்பது நல்ல பழக்கம்.

ரெஞ்ச் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5 முதல் 25 வரை காட்டும் சிறியதை வாங்குங்கள். சேதம் சிறிய போல்ட்டில்தான் நடக்கிறது. 200 வரை போகும் பெரிய ரெஞ்ச்சை 10-ல் வைத்து இறுக்கினால் அது சொல்வதை நம்ப முடியாது. வைத்த அளவு வந்ததும் ஒரு கிளிக் கேட்கும், அது போதும், சந்தேகத்துக்கு இரண்டாவது கிளிக் வேண்டாம். போல்ட்டை இளக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி மிகக் குறைந்த அளவில் வையுங்கள்.

மேனுவல் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அந்த எண்கள் எண்ணெய் தடவாத, சுத்தமான மரைக்கானவை. கிரீஸ் தடவிவிட்டு அதே எண்ணில் இறுக்கினால் போல்ட் அதிகமாக இழுபடும்.

போல்ட் அசையவே இல்லை. என்ன செய்வது?

முதலில் திசையைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், வண்டிக்கு அடியில் தலைகீழாகப் படுத்திருக்கும்போது இடமும் வலமும் குழம்பும். எதிர்த்திசை மரையும் சில இடங்களில் உண்டு. யமஹா வண்டிகளின் வலப்பக்கக் கண்ணாடியில் இருப்பது அப்படிப்பட்ட மரை.

திசை சரி என்றால், துருவுக்குள் ஊறி இறங்கும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஊறாது. மறுநாள் தலையின்மேல் சுத்தியால் நேராக நாலு தட்டு. பிறகு இளக்கும் முன் இம்மியளவு இறுக்கிப் பாருங்கள். துருவின் பிடி உடைவதற்கு அந்த அசைவே சில சமயம் போதும். அதற்கும் அசையாவிட்டால் சூடு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். அதனால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் துளை இளகிக் கொடுக்கும். ஹாட் ஏர் கன் போதும். நெருப்பு வேண்டாம், பெட்ரோல் டேங்க் பக்கம் அறவே கூடாது. எண்ணெய் தெளித்த இடத்தைத் துடைத்துவிட்டே சூடு காட்டுங்கள்.

மரை போயே போய்விட்டது. எஞ்சின் கேஸையே மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதில் எஃகுச் சுருளைச் செருகும் ஹெலிகாயில் முறை இருக்கிறது. அலுமினியத்தில் இது பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும். துளை நேராகப் போக வேண்டும் என்பதுதான் சிக்கல். முதல் தடவை கைதேர்ந்தவரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். நூல் சுற்றுவது, டெஃப்லான் டேப் சுற்றுவது, பசை போட்டு ஒட்டுவது எல்லாம் அடுத்த ஆயில் மாற்றம் வரைக்கும்தான்.

கார் எஞ்சின் ஆயிலை பைக்கில் ஊற்றலாமா? நல்ல விலை உயர்ந்த ஆயில்தானே?

பெரும்பாலான கியர் வண்டிகளில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. உராய்வைக் குறைப்பதற்காகக் கார் ஆயிலில் சேர்க்கும் பொருட்கள் கிளட்ச் தட்டுகளையும் வழுக்கச் செய்துவிடும். கிளட்ச்சோ உராய்வை நம்பிப் பிழைப்பது. ஆயில் எவ்வளவு உசத்தி என்பது இங்கே பேச்சே இல்லை.

இதற்காகவே ஜப்பானில் 1998-ல் ஜாஸோ டி 903 என்ற தரம் வந்தது. டப்பாவின் பின்னால் எம்.ஏ., எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று இருந்தால் ஆயிலில் குளிக்கும் கிளட்ச்சுக்கு ஏற்றது. எம்.பி. என்று இருந்தால் உராய்வு குறைந்தது. பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டருக்கு ஏற்றது. ஸ்கூட்டரும் பைக்கும் இருக்கும் வீட்டில் இந்த டப்பாக்கள் மாறிப்போவது சகஜம்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? மேல் கியரில் திடீரென்று முறுக்கிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே வடித்துவிட்டு சரியான ஆயிலை ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் தட்டுகள் கருகிவிடும்.

சிந்தெட்டிக்கா மினரலா என்ற சண்டையில் எனக்கு ஈடுபாடு போய்விட்டது. மேனுவல் சொன்ன கனத்தில், எம்.ஏ.2 ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறவரின் எஞ்சின், விலை உயர்ந்ததை ஊற்றிவிட்டு மாற்ற மறக்கிறவரின் எஞ்சினைவிட நன்றாகவே இருக்கும்.

ஆயில் அளவு ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி காட்டுகிறது.

சைடு ஸ்டாண்டில் பார்க்கிறீர்கள். வண்டியை நிமிர்த்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, சும்மா நிறுத்திப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவது போனஸ் அல்ல. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் நிற்கும்.

செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடத் தளர்வாக. கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 20 முதல் 30 மி.மீ. வரை ஆட வேண்டும். உயரமான சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்கு 35-ஐத் தாண்டியும் கேட்பார்கள்.

வண்டி பள்ளத்தில் இறங்கும்போது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே ஏறும். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்), ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே தூரம் மிக அதிகம். வண்டி நிற்கும்போதே செயின் விறைப்பாக இருந்தால், அந்தக் கணத்தில் இழுபட இடமில்லை. அந்த இழுப்பு கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங்கில் போய் விழும். தளர்ந்த செயின் சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடும். விறைத்த செயின் சத்தமில்லாமல் பேரிங்கைத் தின்னும். ஒருகாலத்தில் நானும் செயினை வீணைத் தந்தி மாதிரி வைத்திருப்பதைப் பெருமையாக நினைத்தவன். பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் சேர்த்து விலை கொடுத்தேன்.

செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு தேயாது. சக்கரத்தை மெல்லச் சுற்றி எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தில் அளந்து வையுங்கள். தளர்ந்த இடத்தில் அளந்து வைத்தால், இறுகிய இடம் வரும்போது மேலே சொன்ன கதைதான். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை இருபுறமும் சமமாக வைத்த பிறகும், பின்னாலிருந்து குனிந்து செயின் ஸ்ப்ராக்கெட்டில் நேராக ஏறுகிறதா என்று ஒரு கண் பாருங்கள். கோடுகள் சில வண்டிகளில் துல்லியமாக இருப்பதில்லை.

தேய்ந்துவிட்டதா என்று அறிய, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்விளிம்பில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லில் பாதி தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. அளந்து பார்க்க ஆசையா? 428 வகைச் செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ.; எனவே இருபது கண்ணி புதிதில் 254 மி.மீ. இருக்கும். மாற்றும்போது செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் சீக்கிரம் கெடும்.

கழுவ மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். கண்ணிகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஆகாது. ரப்பர் போனால் உள்ளே அடைத்த கிரீஸும் போய்விடும். ஓட்டிவிட்டு வந்து சூடாக இருக்கும்போது, செயினின் உள்பக்கம் எண்ணெய் போடுங்கள். மறுநாள் காலை கிளம்பும் முன் போட்டால் பின் சக்கரத்துக்கும் உங்கள் முதுகுக்கும்தான் போகும். கிளிப் வைத்த செயின் என்றால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினை ஓட்டி, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். துணி மாட்டினால் விரலும் சேர்ந்து போகும். இழுத்துக்கொள்ள ஒரு விநாடி கிடைக்காது. கையால் சுற்றுங்கள்.

பிளக்கின் நிறத்தைப் பார்த்து எஞ்சினைச் சொல்லிவிடலாமா?

ஓரளவு. இளம் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ஈரக் கறுப்பும் எண்ணெய் வாடையும் என்றால் எஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் போதாமல் சூடாகிறது. ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் நின்ற வண்டியின் பிளக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நல்ல ஓட்டத்துக்குப் பிறகு பார்த்ததே செல்லும்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். முதல் பல சுற்றுகள் விரலால். விரலால் போகவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. எடுத்து மறுபடி வையுங்கள். புது பிளக் உட்கார்ந்த பிறகு சுமார் அரைச் சுற்று. எடுத்துப் போட்ட பழைய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் அதைவிட மிகக் குறைவு.

டாப்பெட் சத்தம் வருகிறது. சத்தம் அடங்கும்வரை இறுக்கிவிடலாமா?

கூடாது. இந்த வேலையில் காது நல்ல வழிகாட்டி இல்லை. வால்வும் அதன் தண்டும் சூட்டில் நீளும். அந்த நீட்சிக்கு இடம் விடுவதற்காகத்தான் அந்த இடைவெளியே. சிறிய எஞ்சின்களில் அது 0.1 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும். பல வண்டிகளில் எக்ஸாஸ்ட்டுக்கு இன்டேக்கைவிடச் சற்று அதிகம். இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் வால்வ் முழுதாக மூடாது. மூடியபோது தன் சூட்டைத் தான் உட்காரும் உலோக இருக்கைக்குக் கடத்தும் வழி அடைபட்டு, எக்ஸாஸ்ட் வால்வ் விளிம்பில் கருகத் தொடங்கும். ஆக, லேசாக டிக் டிக் என்னும் டாப்பெட் ஆரோக்கியம். திடீரென்று அமைதியான டாப்பெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்தியது காலையில் என்றால் உத்தமம். பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும், மேக்னெட்டில் உள்ள «டி» குறியைப் பார்வை ஜன்னலின் கோட்டுக்கு நேராக வைத்து, வால்வை அழுத்தும் இரண்டு ராக்கரும் ஆடுகின்றனவா என்று விரலால் பாருங்கள். ஒன்று விறைப்பாக இருந்தால் நீங்கள் இருப்பது தப்பான மேல்நிலையில். இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஃபீலர் கேஜ் சிறு இழுப்போடு போய் வர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்க மறக்காதீர்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பியிருக்கும். நான் அளந்து வைத்ததில் பாதி, இந்த இரண்டாவது அளவையில்தான் தப்பென்று தெரிந்தது.

நேற்று நன்றாக ஓடிய வண்டி இன்று ஸ்டார்ட் ஆகவில்லை. எதைப் பிரிப்பது?

எதையும் பிரிக்காதீர்கள். கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, நியூட்ரல், பெட்ரோல். இந்த நான்கையும் பார்க்காமல் டேங்க்கைக் கழற்றியவர்கள் பட்டியலில் என் பேரும் உண்டு.

அடுத்து, செல்ஃப் சுற்றுகிறதா? சுற்றவில்லை, டிக் டிக் என்று மட்டும் சத்தம் என்றால் பேட்டரிக்குப் போங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் நிறைவு. 12-ஐ ஒட்டி இருந்தால் காலி. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது டெர்மினல் இளகியிருக்கிறது. டெர்மினலை முதலில் பாருங்கள். இறுக்குவதற்குக் காசு இல்லை.

புது பேட்டரி போட்டும் இரண்டு வாரத்தில் காலியாகிறது என்றால் குற்றவாளி வேறு. எஞ்சினை ஓட்டி, சற்று முறுக்கிப் பிடித்தபடி பேட்டரி முனையில் அளந்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் தவறி ஃபிரேமில் பட்டாலும் தீப்பொறி வராமல் இருக்கத்தான் இந்த வரிசை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லையா? ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் சாவி போட்டதும் டேங்க்குக்குள் ஓரிரு விநாடி «ம்ம்» என்று பம்ப் முனகும். அது கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று போங்கள். பம்ப் முனகினால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைச் சந்தேகியுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. தீப்பொறி பார்க்கும்போது பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொட்டபடி, ஆனால் பிளக் துளையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். அந்தத் துளை வழியே பெட்ரோல் ஆவி பீய்ச்சும்.

மாதக்கணக்கில் நின்ற கார்புரேட்டர் வண்டி சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது. ஏன்?

கார்புரேட்டருக்குள் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அடைத்திருக்கும். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. நின்ற பெட்ரோல் ஆவியாகி, வார்னிஷ் மாதிரி ஒரு பசையை அங்கே விட்டுப்போகும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி ஜெட்டே கெடும்.

பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, அடி தொடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். மூளையில் வைக்காதீர்கள், பேப்பரில். இனி நீண்ட நாள் நிறுத்துவதானால் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவை இளக்கிப் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

பிரேக்கில் நானே கை வைக்கலாமா?

பேட் மாற்றலாம். பழைய பேட்டில் உராய்வுப் பொருள் ஒன்றிரண்டு மி.மீ.-க்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் அதன் வெளிச்சுவரைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் அழுக்கையும் சேர்த்து சீலுக்குள் தள்ளுவீர்கள். பேட்டையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள். எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை ஓர் அடி நகர்த்தும் முன், லீவர் கெட்டியாகும்வரை பம்ப் செய்யுங்கள். இதை மறந்து கிளம்புகிறவருக்கு முதல் பிரேக்கில் லீவர் கைப்பிடிவரை சும்மா வரும்.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்னும் வகை ஃப்ளூயிட் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்குத் தரப்படும் குறைந்தபட்ச அளவு 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் காலிப்பர் சூடாகி அந்த எல்லையைத் தொட்டால் உள்ளே நீராவிக் குமிழ் உண்டாகும்; லீவர் பஞ்சு மாதிரி ஆகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதற்குத்தான். டாட் 5.1, டாட் 4-இன் உறவுக்காரன். டாட் 5 அப்படியல்ல, சிலிகான். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று கலக்காதீர்கள். டேங்க்கில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

ஏ.பி.எஸ். வண்டியில் ஃப்ளூயிட் முழுசாக வடிந்து காற்று புகுந்துவிட்டதென்றால், பல மாடல்களில் அதை வெளியேற்றக் கம்பெனியின் கண்டறியும் கருவி வேண்டும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூட்டி முடித்த பிறகு ஒரு போல்ட் மிஞ்சுகிறது.

அட்டை ஒன்றில் எஞ்சின் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். கவர் போல்ட்டுகள் ஒரே தடிமனில் வெவ்வேறு நீளம். நீளமானது குட்டை இடத்தில் போனால் அடியில் இடித்து, இறுகிய மாதிரி பாவனை காட்டும் அல்லது கேஸையே வெடிக்கவைக்கும். போட்டோ எடுங்கள், ஆனால் அட்டையை விடாதீர்கள். எண்ணெய்க் கையோடு போனைத் தேய்க்கும் சங்கடம் அட்டையில் இல்லை.

கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிகான் பசை தடவினால் போதுமா?

கம்பெனி பசை போட்ட இடத்தில் மட்டும், நூல் கனத்துக்கு. கெட்டியாகத் தடவினால் வெளியே பிதுங்குவது உங்களுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து, ஆயில் வலையில் போய் அடைக்கும்.

நான் வேலை செய்த பிறகு சம்பந்தமே இல்லாத இடத்தில் புதுப் பிரச்சினை. தற்செயலா?

அநேகமாக இல்லை. கடைசியாகக் கை பட்ட இடத்துக்குத் திரும்பிப் போங்கள். டேங்க்கைத் தூக்கியபோது கழன்ற வயர் சாக்கெட், ஏர் ஃபில்டர் மாற்றியபோது சரியாக உட்காராத ரப்பர் குழாய், சக்கரம் மாட்டியபோது மறந்துபோன ஸ்பேஸர். ஒரு தடவை பிளக் மாற்றிய பிறகு வண்டி இழுக்கவில்லை என்று இரண்டு நாள் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டினேன். பிளக் கேப் முழுசாக அழுந்தவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் ஒரே நாளில் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்யாதீர்கள் என்கிறேன். எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வருகிறது. யாரை நம்புவது?

«வண்டி இழுக்கவில்லை, என்ன செய்யலாம்?» என்று கேட்டால் அப்படித்தான் வரும், ஒவ்வொருவரும் தம் வண்டிக்கு வந்த நோயைச் சொல்வார்கள். எந்த மாடல், எத்தனை கிலோமீட்டர், கடைசியாக என்ன வேலை நடந்தது, சூட்டிலா குளிரிலா, எந்த கியரில், அளந்த எண்கள் என்ன என்று எழுதிக் கேளுங்கள். பதில்களில் «முதலில் இதை அளந்து பார்» என்பவரை நம்பலாம். எடுத்த எடுப்பில் «அதை மாற்று» என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் காசு உங்களுடையது.

எந்த வேலையைத் தொடவே கூடாது?

கிராங்க் பேரிங், கியர்பாக்ஸ் திறப்பது, வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்துவது, ஏ.பி.எஸ். யூனிட். பின் ஷாக்கில் வாயு அடைத்திருந்தால் அதையும் திறக்காதீர்கள். மற்றவை பொறுமையும் மேனுவலும் இருந்தால் பழகக்கூடியவையே.

எளிய வேலையிலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். அடுத்த அறையில் எரியும் விளக்குவரை போய்ச் சேரும். சக்கரத்தைக் கழற்றும் முன் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். நீங்கள் தள்ளி விழாத வண்டி, இறுகிய ஆக்ஸில் நட்டோடு மல்லாடும்போதும் விழாது.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்திலோ வாங்கிக்கொள்ளும் வொர்க்‌ஷாப்பிலோ கொடுங்கள். சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்றாதீர்கள். கேனில் ஊற்றும் முன் விரல்களுக்கு இடையே ஒரு சொட்டைத் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுக்கும் மெல்லிய தூள், முதல் ஆயில் மாற்றத்தில் சாதாரணம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் துணுக்கு இருந்தால் ஆயிலைக் கொட்டாமல் அப்படியே மெக்கானிக்கிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.